கருவளையத்தை மறைக்க எது சரி: லிக்விட் கன்சீலரா, கிரீமா, ஸ்டிக்கா?

மணப்பெண்களுக்கு மேக்கப் செய்யத் தொடங்கிய முதல் ஆண்டில், கும்பகோணத்தில் ஒரு திருமணம். அதிகாலை முகூர்த்தம். மூன்று மணிக்கே பெண் என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு இரவு தூக்கமில்லை. கண்ணைச் சுற்றி நன்றாகக் கருத்திருந்தது. அவள் நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பான கிரீம் கன்சீலரை எடுத்துக் கருமை தெரியாத அளவுக்குப் பூசினேன். மண்டபத்து அறையின் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பொழுது விடிந்து, தாலி கட்டி முடித்து, பெண் வாசலுக்கு வந்தபோது அவளுடைய அம்மா என்னைத் தனியாக அழைத்தார். “கண்ணுக்குக் கீழே திருநீறு பூசியதுபோல் இருக்கிறதே, கொஞ்சம் பாரும்மா” என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பெண்ணின் கல்யாண ஆல்பத்தில் அந்தச் சாம்பல் நிறம் இன்றும் இருக்கிறது.

அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். கடையில் கன்சீலர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் “லிக்விட் நல்லதா, கிரீம் நல்லதா” என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: மறைக்கப் போவது என்ன நிறம்?

சாம்பல் ஏன் வந்தது என்று பிறகு புரிந்துகொண்டேன். தோல் நிறக் கன்சீலரில் வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடும், மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களுக்கு இரும்பு ஆக்சைடுகளும் இருக்கும். நிறம் வெளுக்க வெளுக்க வெண்பொடியின் பங்கு கூடும். கறுப்புச் சட்டியில் நீர்மோரை ஊற்றிப் பாருங்கள். ஓரத்தில் மோர் மெலிந்திருக்கும் இடம் நீலம் பாய்ந்து தெரியும். கருமையின் மேல் மெல்லிய வெண்படலம் விழுந்தால் கண்ணுக்கு அப்படித்தான் படும். பழுப்பான கருவளையத்தின் மேல் வெளுப்பான கன்சீலரைப் பூசினால் நடப்பதும் அதுவே. இன்னும் வெளுப்பாக, இன்னும் தடிப்பாகப் பூசுவது இதற்குத் தீர்வாகாது. முதலில் அந்தக் கருமையின் நீலத்தை அடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மறைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பகலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, கையில் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கீழே உள்ள தோலை விரல் நுனியால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். இழுத்தாலும் அதே பழுப்பு நிறம் அப்படியே இருந்தால் அது தோலிலேயே ஊறிய நிறமி. அநேகமாக அது மேலிமையிலும் இருக்கும். உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ கூட இருக்கும். இழுக்கும்போது ஊதா அல்லது நீலம் கூடித் தெரிந்தால், மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாய்கள் தெரிகின்றன என்று பொருள். தூக்கம் கெட்ட நாட்களில் இது தூக்கலாகத் தெரியும். முகத்தை உயர்த்தி வெளிச்சத்துக்கு நேராகக் காட்டியதும் கருமை காணாமல் போனால், அது நிறமே இல்லை. கண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தின் நிழல். நம் ஊரில் என் முன் உட்காரும் பெண்களில் பெரும்பாலோருக்கு முதல் வகை, அல்லது முதலும் இரண்டும் கலந்த வகை.

நிழலாக இருந்தால் மட்டும், உங்கள் நிறத்தைவிட ஒரே ஒரு படி வெளுப்பான லிக்விட் கன்சீலரை அந்தப் பள்ளத்தின் கோட்டில் மட்டும் வைக்கலாம். வெளுப்பான நிறம் உண்மையில் உதவும் இடம் அது ஒன்றுதான். மற்ற இரண்டுக்கும் முதல் தேவை, கன்சீலருக்கு அடியில் பூசி நிறத்தை அடக்கும் கலர் கரெக்டர்.

கலர் கரெக்டரின் கணக்கு பள்ளியில் படித்த நிறச் சக்கரம்தான். நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடக்கிவிடும். கோதுமை நிறத் தோலுக்கு பீச் பழ நிறம் போதும். மாநிறத்துக்கு ஆரஞ்சு கலந்த அடர்ந்த பீச் வேண்டும். நல்ல கருநிறத் தோலுக்கு முழு ஆரஞ்சு, சில சமயம் செங்கல் நிறம். கருநிறத் தோலில் வெளிர் பீச்சைப் பூசினால் மீண்டும் அதே சாம்பல் கதைதான்.

இதே வரிசையில் பச்சை கரெக்டரும் விற்கிறார்கள், சிவப்பை அடக்குவதற்கு. நம் தோலில் பரு ஆறிய பிறகு தங்குவது பெரும்பாலும் பழுப்புத் தழும்பு, சிவப்பு குறைவு. பச்சை அங்கே சுண்ணாம்பு தடவியதுபோல் நிற்கும். முகம் எளிதில் சிவக்கும் வெளுத்த தோல்காரர்கள் வாங்கிக்கொள்ளட்டும். ஆறு நிறம் உள்ள பெட்டியை வாங்கினால் அதில் ஒன்றுதான் தீரும். மற்ற ஐந்தும் காய்ந்து போகும்.

இனி லிக்விட், கிரீம், ஸ்டிக் என்ற கேள்விக்கு வருவோம். தடித்த மறைப்புப் பூச்சுகள் எதற்காகப் பிறந்தன என்று தெரிந்தால் தேர்வு சுலபமாகும். அமெரிக்காவில் லிடியா ஓ’லியரி என்ற பெண்ணின் முகத்தில் பிறவியிலேயே அடர் சிவப்பு மச்சம் படர்ந்திருந்தது. அதை மறைக்க 1928இல் அவர் உருவாக்கியதுதான் ‘கவர்மார்க்’. பிறகு 1954இல், திரைப்பட நடிகர்களுக்கு ஒப்பனைப் பொருள் செய்து பேர் பெற்ற மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் ‘இரேஸ்’ என்ற ஸ்டிக்கைக் கடைக்குக் கொண்டுவந்தது. அசையாத கன்னத்தில் உள்ள மச்சத்துக்கும் கேமரா முன்னால் நிற்கும் முகத்துக்கும் தடிமன் பொருந்தும். கண்ணுக்குக் கீழே உள்ள இடம் வேறு. உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைகளில்தான் இருக்கிறது. இமைக்கும்போதும் சிரிக்கும்போதும் அது மடிகிறது, நாள் முழுக்க. மடிகிற இடத்தில் தடித்த பூச்சு கோடு கோடாகப் பிளக்கத்தான் செய்யும்.

அதனால் கண்ணுக்குக் கீழே என் முடிவு லிக்விட்தான். மெல்லிய படலமாகப் பரவுகிறது. தோலோடு சேர்ந்து அசைகிறது. அதில் உள்ள நீரோ, ஆவியாகும் சிலிக்கோனோ பறந்ததும் படிந்துவிடுகிறது. ஆனால் லிக்விட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. ‘மேட்’, ‘லாங் வேர்’ என்று போட்டிருப்பவை சீக்கிரம் இறுகிக் காய்ந்துவிடும். இருபது வயதில், எண்ணெய்ப் பசையுள்ள தோலில் அவை நன்றாக நிற்கும். நாற்பதை நெருங்கியவர்களுக்கு இல்லாத சுருக்கத்தையும் காட்டிவிடும். அவர்களுக்கு ஈரப்பதம் காக்கும் வகையே நல்லது, அரை மணி நேரம் முன்பே கலைந்தாலும் பரவாயில்லை. இறுகும் வகையை வாங்கினால் ஒரு கண்ணை முழுமையாக முடித்துவிட்டுத்தான் அடுத்த கண்ணைத் தொட வேண்டும். இரண்டு கண்ணிலும் வைத்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கினால், இரண்டாவது கண்ணுக்கு வருவதற்குள் அது காய்ந்து திட்டாகியிருக்கும்.

கிரீம் சிறு டப்பாவில் வரும். மெழுகும் எண்ணெயும் நிறப்பொடியும் அதில் அதிகம். பருத் தழும்பு, சின்னக் கரும்புள்ளி, மூக்கோரக் கருமை ஆகியவற்றுக்கு இதற்கு இணை எதுவுமில்லை. சிறு புள்ளியில் வைத்து அசையாமல் விட்டுவிடலாம். கண்ணுக்குக் கீழே மட்டும் வேண்டாம், அதுவும் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரப் புழுக்கத்தில். உருகி, நகர்ந்து, மடிப்பில் போய்ச் சேரும். “கரெக்டர் பெரும்பாலும் கிரீமாகத்தானே வருகிறது” என்று கேட்பீர்கள். உண்மைதான். கரெக்டரை எடுப்பது அரை அரிசி அளவு; கன்சீலரைப் பூசுவதோ அதைப்போல் பல மடங்கு. அளவு சிறிதானால் மடிப்பில் சேரவும் எதுவும் இருக்காது.

ஸ்டிக்கை நான் குறைவாகவே பயன்படுத்துகிறேன். கண் அருகே அதை இழுத்துத் தேய்த்தால் தோலும் கூடவே இழுபடுகிறது. சித்திரை வெயிலில் கைப்பையில் வைத்தால் குழைந்துவிடும். கன்னத்தில் அகலமாகப் படர்ந்த மங்குக்கு மட்டும் ஸ்டிக் வசதி; பெரிய இடத்தைச் சீக்கிரம் மூடலாம். பருவின் மேல் மட்டும் ஸ்டிக்கை நேராகத் தேய்க்காதீர்கள். பருவில் இருப்பது ஸ்டிக்கில் ஏறி மறுநாள் உங்கள் முகத்துக்கே திரும்பும். லிக்விட் குப்பியின் குச்சிக்கும் இதே விதி. வேண்டியதைப் புறங்கையில் எடுத்துக்கொண்டு அங்கிருந்து பயன்படுத்துங்கள்.

புறங்கையில் எடுக்கலாம், ஆனால் நிறத்தைப் புறங்கையில் பார்க்கக் கூடாது. வெயிலைத் தினமும் வாங்கும் கையும் முகமும் ஒரே நிறமாக இருப்பதில்லை. மூன்று நிறங்களைத் தாடையோரத்தில் கோடுகளாகத் தடவி, கடையை விட்டு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுவே உங்கள் நிறம். உடனே வாங்கிவிடாதீர்கள். பத்து நிமிடம் சுற்றிவிட்டு வந்து மறுபடி பாருங்கள்; சில வகை முகத்தின் எண்ணெயோடு சேர்ந்ததும் அரைப் படி கருக்கும். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து நிறத்தைத் தேர்வு செய்யச் சொல்லும் வழி நம் தோலுக்குச் சரிப்பட்டு வருவதில்லை. முகம் மஞ்சள் சாய்ந்ததா, சிவப்புச் சாய்ந்ததா என்பதை, வெள்ளைத் துணியைக் கழுத்தருகே பிடித்துப் பார்த்தால் அதைவிடத் தெளிவாகத் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. ஒரு கடையில் என்னோடு வந்த கல்லூரிப் பெண், அழகான கருநிறம். அவளுக்குச் சரியாகப் பொருந்திய நிறத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். விற்பனையாளர் அதை வாங்கி வைத்துவிட்டு, “கொஞ்சம் வெளுப்பாகவே எடுத்துக்கொள்ளம்மா, முகம் எடுப்பாக இருக்கும்” என்று வேறொன்றை நீட்டினார். அந்தப் பிள்ளையின் முகம் வாடியதைப் பார்த்தேன். எடுப்பாக இருக்காது. முகம் ஒரு நிறமும் கண்ணுக்குக் கீழே வேறு நிறமுமாக, முகமூடி கட்டியதுபோல் இருக்கும். 2017இல் பாடகி ரிஹானா தொடங்கிய ஃபென்டி பியூட்டி நிறுவனம் முதல் வெளியீட்டிலேயே 40 நிறங்களில் ஃபவுண்டேஷனை, அதாவது முகம் முழுக்கப் பூசும் தோல் நிறப் பூச்சை, கொண்டுவந்தது. அதன் பிறகு அடர்ந்த நிறங்களை ஒதுக்கிவைப்பது நிறுவனங்களுக்குச் சங்கடமாகிவிட்டது. இன்று நம் ஊர்க் கடைகளிலும் அடர்ந்த நிறங்கள் கிடைக்கின்றன. அடித்தட்டில் இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். தங்கள் நிறத்துக்காக யாரும் கடையில் கூனிக் குறுக வேண்டியதில்லை.

பூசும் கருவியில் விரல், பிரஷ், ஸ்பாஞ்ச் மூன்றும் என் பெட்டியில் இருக்கின்றன. மூன்றும் ஒரே முகத்தில் வேலை செய்கின்றன. கண்ணுக்குக் கீழே நான் செய்வதைச் சொல்கிறேன். முகம் கழுவி, மாய்ஸ்சரைசரை மிக மெல்லியதாகத் தடவி, ஐந்து நிமிடம் விடுகிறேன். பகல் நிகழ்ச்சியானால் அதன் மேல் சன்ஸ்கிரீன். அதற்கும் சில நிமிடம் வேண்டும். அவசரப்பட்டால் மேலே பூசுவதெல்லாம் அழுக்குத் திரள்வதுபோல் உருண்டு உருண்டு வரும். பிறகு கரெக்டரை மோதிர விரல் நுனியில் தொட்டு, கட்டை விரலோடு சேர்த்து ஒருமுறை தேய்த்து இளக்குகிறேன். விரல் சூட்டில் மெழுகு இளகுவதுதான் விரலின் பெரிய பலன். மூக்கை ஒட்டிய உள்மூலையில் கருமை அதிகம். அங்கே தொடங்கி, கருமை எங்கே முடிகிறதோ அங்கேயே நிறுத்துகிறேன். கன்னம் வரை இழுத்தால் ஆரஞ்சு மேலே எட்டிப் பார்க்கும். தேய்ப்பதே இல்லை, தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் ஒற்றி ஒற்றி எடுப்பதுதான். மோதிர விரலைச் சொல்வதற்குக் காரணம், அதற்கு அழுத்தம் குறைவு.

இந்த நிலையில் கண்ணாடியில் பார்த்தால் பலர் பயந்துவிடுகிறார்கள், கண்ணுக்குக் கீழே லேசாக ஆரஞ்சாக இருக்கிறதே என்று. அப்படித்தான் இருக்க வேண்டும். அதன் மேல் ஃபவுண்டேஷன் போடுபவர்கள் இப்போது போடலாம். அதுவே பாதிக் கருமையை மூடிவிடும், கன்சீலர் அளவும் குறையும். ஃபவுண்டேஷனுக்கு முன்பே கன்சீலரைப் பூசிவிட்டால், பின்னால் ஃபவுண்டேஷனோடு வரும் ஸ்பாஞ்ச் அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும்.

பிறகு தோல் நிற லிக்விட் கன்சீலரை மூன்றே புள்ளி வைக்கிறேன்: உள்மூலையில் ஒன்று, நடுவில் சற்றுக் கீழே ஒன்று, வெளி மூலையில் ஒன்று. முக்கோணமாகக் கன்னம் வரை நிரப்பச் சொல்லும் முறை மேடை வெளிச்சத்துக்கு ஒத்துவரும். பக்கத்தில் நின்று பேசுகிறவர் கண்ணுக்கு அப்பியதுபோல் தெரியும். இதைப் பரப்ப ஸ்பாஞ்ச். தண்ணீரில் நனைத்து, ஊறிப் பெருத்ததும், ஒரு துணியில் வைத்துச் சொட்டுக்கூட வராமல் பிழிய வேண்டும். உலர்ந்த ஸ்பாஞ்ச் பாதியைக் குடித்துவிடும். சொட்டும் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் கரைத்துவிடும். ஸ்பாஞ்ச் மிச்சத்தை எடுத்துக்கொண்டு தேவையானதை மட்டும் விடுகிறது. இயல்பான தோற்றம் அங்கேதான் வருகிறது. ஆனால் அதைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, காற்றில் உலர்த்த வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் மூடிய டப்பாவில் வைத்தால் உள்ளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் சுத்தமாகக் கழுவிய விரலாலேயே செய்யலாம். அழுக்கு ஸ்பாஞ்சைவிட விரல் எவ்வளவோ மேல்.

பிரஷ் பருவுக்கும் தழும்புக்கும். நுனி கூரான சின்னச் செயற்கை இழை பிரஷ்ஷில் கடுகளவு கிரீமைத் தொட்டு, புள்ளியின் நடுவில் வைத்து, அரை நிமிடம் கைவைக்காமல் விடுங்கள். பிறகு நடுவைத் தொடாமல் ஓரத்தை மட்டும் சுற்றிக் கலையுங்கள். பெரும்பாலோர் நடுவில் தேய்த்து, வைத்ததையெல்லாம் எடுத்துவிட்டு “நிற்கவே மாட்டேன் என்கிறது” என்கிறார்கள். இங்கே நிறம் முகத்தின் நிறமேதான், ஒரு படிகூட வெளுப்பு ஆகாது. பருவின் மேல் வெளுப்பு விளக்குப் போட்டுக் காட்டும். இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கன்சீலர் நிறத்தைத்தான் மறைக்கும். புடைத்திருக்கும் பரு பக்கவாட்டு வெளிச்சத்தில் புடைத்துத்தான் தெரியும். அதை மறைக்க மேலும் மேலும் பூசினால் மேடு இன்னும் உயரும்.

பவுடர் வேண்டுமா வேண்டாமா என்பது இடத்தைப் பொறுத்தது. குளிரூட்டிய அலுவலகத்துக்குப் போகிறவர், வறண்ட தோல்காரர் கண்ணுக்குக் கீழே பவுடர் போட வேண்டாம். ஹோமப் புகையும் வேர்வையுமாக மூன்று மணி நேரம் மணையில் உட்காரப் போகிற பெண்ணுக்குப் போட்டே ஆக வேண்டும். போடும் முன் மேலே பார்க்கச் சொல்லி, மடிப்பில் சேர்ந்திருப்பதை விரலால் ஒருமுறை ஒற்றிச் சமப்படுத்துங்கள். மடிப்பு இருக்கும்போது பவுடர் போட்டால் அந்தக் கோடு அப்படியே உறைந்துவிடும். சிறு பிரஷ்ஷால் தொட்டும் தொடாததுமாகப் போட்டால் போதும். வெள்ளையாகவும் மிக நுண்மையாகவும் இருக்கும் சிலிக்கா பவுடர்கள் நேரில் தெரியாமல், ஃபிளாஷ் போட்ட படத்தில் வெள்ளைத் திட்டாக விழும். படம் எடுக்கப் போகிறார்கள் என்றால் முன்னதாகவே கைப்பேசியில் ஃபிளாஷோடு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? கல்லூரி மாணவிகளும் புதிதாக வேலைக்குப் போகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். பழுப்பான கருவளையம் இருந்தால், உங்கள் நிறத்துக்கு ஏற்ற பீச் அல்லது ஆரஞ்சு கரெக்டரையே வாங்குங்கள். மிக மெல்லியதாக ஒற்றி, அதன் மேல் நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் காம்பாக்டை லேசாகத் தொட்டால் அன்றாடத்துக்கு அதுவே போதும். கருவளையம் இல்லை, தழும்புதான் கவலை என்றால் உங்கள் நிறத்திலேயே ஒரு கிரீம் டப்பா. டப்பாவின் பின்புறம் திறந்த மூடியோடு ஒரு சின்னப் படமும் 6எம், 12எம் என்பதுபோல் ஓர் எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதங்கள் பயன்படுத்தலாம் என்று அர்த்தம். கண் அருகே பூசுவதை அதற்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். புதிதாக வாங்கியதை முழங்கையின் உள்பக்கம் தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள். கண் அரித்து, தோல் உரிந்திருக்கும்போது எந்தக் கன்சீலரும் வேண்டாம். தூசி ஒவ்வாமையில் கண்ணைக் கசக்கிக் கசக்கியே கருத்துப்போனவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தேவை தோல் மருத்துவர்.

அதிகாலை முகூர்த்தத்துக்கு இப்போது நான் கொண்டுபோகும் பெட்டியில் 6,500 கெல்வின் பகல் வெளிச்ச விளக்கு ஒன்று இருக்கிறது. மூன்று மணிக்கு ஜன்னலில் வெளிச்சத்தைத் தேட முடியாதே. கரெக்டர் ஒற்றியதும் ஒருமுறை, கன்சீலர் முடிந்ததும் ஒருமுறை, டியூப்லைட்டை அணைத்துவிட்டு அந்த விளக்கில் முகத்தைப் பார்க்கிறேன். கடைசியில், நான்காக மடித்த ஒரு டிஷ்யூவை மணப்பெண்ணின் தங்கையிடமோ தோழியிடமோ கொடுத்துச் சொல்லிவைக்கிறேன்: தாரை வார்க்கும்போது அக்கா அழுவாள்; அழட்டும். துடைக்க வேண்டாம், இமைக்கு அடியில் நுனியை வைத்துக் கண்ணீரை மட்டும் ஒற்றி எடு.